கழுத்து வளைந்த ஊசி

எனக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது இப்போது ஓர் இரும்பு ஊசி. ஊசி என்றதும் கிழிசல் தைக்கும் ஊசியை நினைத்துவிட வேண்டாம். நுனியில் சின்னதாக ஒரு கொக்கி, அடியில் கதலிப்பழம் பருமனுக்குப் பலாக்கட்டையில் ஒரு பிடி, இரண்டுக்கும் நடுவே, யாரோ கோபத்தில் ஒடிக்கப் போய்ப் பாதியில் மனம் மாறியது போல ஒரு வளைவு. கொக்கியைப் பொத்தான் துளைக்குள் விட்டு, பொத்தானைக் கவ்வி, முழங்கையைப் பின்னுக்கு இழுத்தால் பொத்தான் வெளியே வந்து உட்கார்ந்துகொள்கிறது. விரல்களுக்கு வேலை இல்லை. என் விரல்கள் மடங்க மறுத்து, எனக்குப் பின்னால் அவையும் ஓய்வு பெற்றுவிட்டன. ஆனாலும் காலையில் மருமகள் வரட்டும் என்று மார்பைத் திறந்துபோட்டுக்கொண்டு காத்திருக்கும் நிலை எனக்கு வரவில்லை. பணிக்காலம் முழுவதும் இதே ஊசியால்தான் கோப்புகளில் டேக் கயிறு கோத்தேன். ஆனால் இது டேக் கோக்கவும் பொத்தான் போடவும் செய்யப்பட்டதல்ல. குரோஷா பின்னுவதற்காகச் செய்யப்பட்டு, அதற்கு லாயக்கில்லை என்று தள்ளப்பட்டது. இந்தத் தள்ளுபடிப் பொருளில் தொடங்கித்தான் கொல்லிமலையில் ஒரு பெண்மணி தன் வேலையையும் தன் வீட்டுச் சாவியையும் காப்பாற்றிக்கொண்டார். அவரை நாங்கள் எல்லோரும் கைத்தொழில் டீச்சர் என்றே சொல்வோம்.

அறுபதுகளின் தொடக்கம் அது. மலைக்கு ரோடு வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டிய வரைக்கும் ஜீப் ஓடும், அதற்கப்பால் கால். நான் மலைமேல் இருந்த வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தேன். கிராமந்தோறும் மாதர் சங்கம், சங்கந்தோறும் கைத்தொழில் வகுப்பு என்று மேலிருந்து ஆணை வந்திருந்த காலம். கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; எங்கள் திண்ணனூர் நாட்டுக்குப் பங்காகக் கிடைத்த கைத்தொழில் குரோஷா. கொக்கி ஊசி ஒன்றை வைத்துக்கொண்டு நூலை வளையத்துக்குள் வளையமாக இழுத்து, மேசை விரிப்பும் தலையணை ஓரமும் பின்னுகிற வேலை. மேசையே இல்லாத ஊர்களில் மேசை விரிப்பு பின்னக் கற்றுத்தர வேண்டும் என்பது யாருக்குத் தோன்றியது என்று எனக்குத் தெரியாது. ஆணைகளை விமர்சிப்பது என் வேலை அல்ல. தேதி வாரியாக அடுக்குவதுதான் என் வேலை.

டீச்சர் ராசிபுரம் பக்கத்து விவசாயக் குடும்பம். அண்ணன் வீட்டில் இருந்தவர். அந்த வீட்டில் சமையலும் மாடும் அண்ணன் பிள்ளைகளும் அவர் பொறுப்பு. சாவிக்கொத்து மட்டும் அண்ணி பொறுப்பு. எப்படியோ தையல் தேர்வு எழுதித் தேறி, கீழ்நாட்டுக்காரர்கள் யாரும் வர விரும்பாத மலை வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒரு தகரப் பெட்டியோடு ஏறி வந்தார். சங்கக் கட்டடத்தை ஒட்டி ஓர் அறை கொடுத்தோம். அதன் பூட்டுக்கு இருந்த ஒரே சாவியை வாங்கியதும் இடுப்பில் செருகிக்கொண்டார். அதை அவர் ஒரு நகையைப் போல அடிக்கடி தொட்டுப் பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

வகுப்புக்கு வேண்டிய நூல் கீழிருந்து வருவதற்கு முன்பே அவருடைய கை போய்விட்டது. ஐப்பசி மழையில், ஆலத்தூர் நாட்டில் ஒரு கூட்டம் முடிந்து திரும்பும்போது, புது ரோட்டின் மண் நெகிழ்ந்து ஜீப் சரிந்தது. டிரைவருக்கு ஒரு சிராய்ப்பு. டீச்சருக்கு இரண்டு கைகளும் அடியில் மாட்டிக்கொண்டன. கீழே ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்துவிட்டார்கள். ஆனால் வலது மணிக்கட்டு அதற்குப் பிறகு திரும்பவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று பார்க்குமே தவிரத் தொடாது. இடது கையில் கடைசி இரண்டு விரல்களும் நீட்டியது நீட்டியபடி நின்றுவிட்டன. டாக்டர் நேர்மையானவர். ‘கை நுணுக்கம் தேவைப்படாத பணிகளுக்குத் தகுதியானவர்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். குரோஷா கற்றுத்தருகிற ஒருவரை வீட்டுக்கு அனுப்ப இதைவிட மரியாதையான வாசகம் அலுவலக மொழியில் கிடையாது.

அவர் அண்ணன் மலையேறி வந்தார். கெட்ட மனிதர் அல்ல. தங்கையின் கைகளைப் பார்த்துக் கண்கலங்கியவர். என் முன்னிலையிலேயே சொன்னார்.

“ஊட்டுக்கு வந்துரு கண்ணு. கை போனா என்ன, சோறு போடமாட்டமா?”

டீச்சர் இடுப்பில் இருந்த சாவியைத் தொட்டுக்கொண்டார்.

“சோறு போடுவீங்கண்ணா. சாவி குடுக்க மாட்டீங்க.”

அண்ணனுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. உத்தரவு வரட்டும், வந்ததும் ஆள் வைத்துப் பெட்டியை இறக்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

உத்தரவு வருவது என் மேசை வழியாகத்தான். ‘இறுதி உத்தரவு வரும்வரை பணியில் தொடரலாம்’ என்று விதியில் ஒரு வரி உண்டு. அதை நான் கண்டுபிடித்தேன் என்று சொல்லமாட்டேன். அது எப்போதும் அங்கேதான் இருந்தது, யாரும் படிக்கவில்லை, அவ்வளவே. அதன்படி அவரை வேலையில் சேர்த்துக்கொண்டேன். அடுத்ததாக, தகுதியை வேலை செய்யும் இடத்திலேயே நேரில் பார்த்து முடிவு செய்வதுதான் முறை என்று பணிவாக ஒரு குறிப்பு வைத்தேன். சேலத்துக்கு அவரை அழைத்து ஒரு மேசைக்கு முன்னால் நிறுத்தினால் அரை மணியில் கதை முடிந்துவிடும். மலையேறி வந்து பார்க்க வேண்டும் என்றால் எந்தக் கோப்பும் ஒரு மழைக்காலமும் ஒரு பனிக்காலமும் தூங்கும். என் கணக்கு தப்பவில்லை. அவருக்கு ஆனி மாதம் வரை அவகாசம் கிடைத்தது.

அந்த அவகாசத்தை அவர் ஒரு நாளும் வீணாக்கவில்லை. அரசு கொடுத்த ஊசி பென்சிலைவிட மெல்லியது, நேரானது. அதில் துணியைச் சுற்றிப் பருமனாக்கிப் பார்த்தார். விரல்களோடு சேர்த்துக் கட்டிப் பார்த்தார். பிடி நின்றது, பின்னல் வரவில்லை. காரணத்தை அவரே எனக்கு விளக்கினார். ஊசியை வளையத்துக்குள் விடும்போது கொக்கியின் வாய் ஒரு பக்கம் பார்க்க வேண்டும், நூலைக் கவ்வி இழுக்கும்போது வாய் கீழே பார்க்க வேண்டும். அந்தச் சின்னத் திருப்பலை மணிக்கட்டுதான் செய்கிறது. மணிக்கட்டு திரும்பாத கையில் நூல் கொக்கியின் வாய்வரை வந்து, அப்படியே நழுவி விழுந்துவிடும். தொட்டில்வரை வந்து தூங்காமல் திரும்பிப் போகும் பிள்ளை மாதிரி என்றார். அப்படிச் சொல்லிச் சிரித்ததைப் பார்த்தபோதுதான் அவர் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

முதலில் நல்ல பருமனான பிடியாவது போடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். ஊருக்கு ஒரே கொல்லர். அரிவாள், கொடுவாள், களைக்கொத்து மூன்றும்தான் அவர் உலகம். ஒரு தாளில் நேராக ஓர் ஊசி, நுனியில் கொக்கி, அடியில் கட்டைப் பிடி என்று அளவோடு வரைந்து கொடுத்தேன். அவர் தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, “எந்தக் கைக்குங்க?” என்று மட்டும் கேட்டார். வலது கைக்கு என்றேன். அடுத்த சந்தை நாளில் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். கேழ்வரகுக் கதிர் அறுக்கிற அரிவாளுக்கு எப்படிப் பிடியிலிருந்து கழுத்து ஒருபுறம் வளைந்து, வாய் ஆளைப் பார்த்துத் திரும்பியிருக்குமோ, அதே வளைவு, அதே திரும்பல்.

“நேராத்தானே வரைஞ்சு குடுத்தேன்?”

“நேரா இருந்தா அது ஆணிங்க. பிடி போட்டுட்டா கழுத்து வேணுமுங்க. கழுத்தில்லாத அருவாள எவன் வாங்குவான்?”

“இது அரிவாள் இல்ல.”

“அதான் பல்லு வெக்கலீங்களே.”

இதற்கு மேல் எழுத்து மூலம்தான் விவாதிக்க முடியும். அவருக்குப் படிக்கத் தெரியாது. அவருக்கு மணிக்கட்டைப் பற்றியும் தெரியாது, குரோஷாவைப் பற்றியும் தெரியாது. பிடியுள்ள எதையும் அவர் கை அப்படித்தான் வளைத்துப் பழகியிருந்தது. நேராக்கித் தரச் சொல்லித் திருப்பி அனுப்புவதற்கு முன், சிரிப்பதற்காக டீச்சரிடம் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. பிடியை உள்ளங்கையில் வைத்து, விரல்கள் மேலே படிய, அப்படியும் இப்படியும் பார்த்தார். அது நூலுக்கு மிகவும் பருமன். அதனால் சாக்குச் சணல் ஒன்றைப் பிரித்து எடுத்து, ஒரு வளையம் போட்டு, கொக்கியை விட்டார். மணிக்கட்டு திரும்ப வேண்டிய இடம் வந்தது. திரும்பவில்லை. திரும்ப வேண்டியதும் இருக்கவில்லை. கொக்கியின் வாய் ஏற்கெனவே கீழே பார்த்துக்கொண்டிருந்தது. அறுப்பு அறுக்கிறவள் இழுப்பதுபோல முழங்கையிலிருந்து இழுத்தார். ஒரு வளையத்துக்குள்ளிருந்து இன்னொரு வளையம் வெளியே வந்தது. அதற்குள்ளிருந்து இன்னொன்று. சணல் சங்கிலி அவர் மடியைத் தாண்டித் தரையைத் தொட்டது. நான் எதற்காக அங்கே நிற்கிறேன் என்பதே மறந்துபோய் நின்றேன்.

“இதத் திருப்பி அனுப்பாதீங்க சார்,” என்றார் கடைசியில். பிறகு, “இதே மாதிரி சின்னதா ஒண்ணு.”

சின்னதுக்கு மெல்லிய எஃகுக் கம்பி வேண்டும். அலுவலகச் சாமான் அறையில் ஒரு பழைய குடை, கழிவு செய்யும் உத்தரவை எதிர்பார்த்துத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கழிவாகாத பொருளை யாருக்கும் கொடுக்க விதி இல்லை. பழுதுபார்க்க அனுப்பத் தடையும் இல்லை. குடை கொல்லரிடம் போய், ஒரு கம்பி குறைவாகத் திரும்பி வந்தது. முன்பைவிட மோசமாகவும் இல்லை. குடைக் கம்பி ஊசி நூலுக்கு அளவாக அமைந்தது. பிடி உள்ளங்கையைவிட்டு நழுவாமலிருக்க, கோப்பு கட்டும் சிவப்பு நாடாவால் ஒரு பட்டை தைத்து, அதற்குள் கையை நுழைத்துக்கொள்ளும்படி செய்தார். சிவப்பு நாடா ஒருவருக்கு உதவியதை என் பணிக்காலத்தில் அந்த ஒரு முறைதான் பார்த்தேன். சணல் பின்னிய பெரிய ஊசியை எனக்குக் கொடுத்துவிட்டார். அதுதான் இது.

மிச்சமிருந்தது இடது கை. குரோஷாவில் நூல் தளரக்கூடாது, இறுகவும் கூடாது. நூலைக் கடைசி விரல்களில் சுற்றிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அந்த விரல்கள்தான் மரத்து நின்றன. இதற்கு வழி சொன்னவள் சங்கத்தில் ஒருத்தி. மிளகுக்கொடி நிறைய வைத்திருந்ததால் எல்லோரும் அவளை மிளகுக்காரம்மா என்பார்கள். கத்தாழை நாரில் கயிறு திரிக்கும்போது ஒரு முனையைக் கால் பெருவிரல் இடுக்கில் பிடித்துக்கொள்வது அவர்கள் வழக்கம். டீச்சர் நூலோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், “ரெண்டு கையிக்கும் வேல இருக்குதுங்க. காலு சும்மாத்தான கெடக்குது?” என்றாளாம். அன்றிலிருந்து நூலுருண்டை கொட்டாங்குச்சியில். அங்கிருந்து நூல் கால் விரலிடுக்குக்கு. அங்கிருந்து இடது ஆள்காட்டி விரலுக்கு. விரலிடுக்கை இறுக்கினால் நூல் நிற்கும், நெகிழ்த்தினால் ஓடும்.

ஆனி மாதத்தில் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வந்தார். வயதானவர், தடித்த கண்ணாடி, கண்டிப்பானவர், குரோஷாவில் தேர்ந்த கை என்று பெயர். ரோடு முடிந்த இடத்திலிருந்து நடந்தே வந்தார். அவர் எழுதுவதுதான் முடிவு. விஷயம் எப்படியோ ராசிபுரத்துக்கும் போயிருந்தது. நாங்கள் சங்கக் கட்டடத்தை அடைந்தபோது டீச்சரின் அண்ணன் இரண்டு சுமையாட்களோடு ஏற்கெனவே வாசலில் இருந்தார். தகரப் பெட்டியை அறையிலிருந்து வெளியே எடுத்து வைத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாளைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டு, வெயில் ஏறுவதற்குள் இறங்கினால் நல்லது என்று என்னிடம் மெல்லச் சொன்னார்.

உள்ளே நுழையப் போன இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் நின்ற நானும் எட்டிப் பார்த்தேன். சங்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் வலது கையிலும் சிவப்புப் பட்டை. அத்தனை பட்டையிலும் கழுத்து வளைந்த ஊசி. அத்தனை நூலும் கால் விரலிடுக்கு வழியாக. மணிக்கட்டு அசையாமல், முழங்கைகள் மட்டும் முன்னும் பின்னும் போய் வந்துகொண்டிருந்தன. ஒரு சிறிய கேழ்வரகு வயலை ஒரு கூட்டம் உட்கார்ந்தபடியே அறுத்துக்கொண்டிருப்பதைப் போல இருந்தது.

அம்மாள் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“எல்லாருக்குமா கை போச்சு?”

எந்தச் சுற்றறிக்கையிலும் இதற்குப் பதில் இல்லை. அவர் உள்ளே போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து, மிளகுக்காரம்மாவின் முன்னால் நின்று, குரலில் இரக்கத்தை வரவழைத்துக்கொண்டார்.

“நீங்கதானாம்மா அந்த டீச்சர்? கை எப்படி இருக்கு இப்ப?”

“கையிக்கு என்னங்க? நேத்துக்கூட மரத்துல இருந்து பலாப்பழம் எறக்குனேன்.”

பக்கத்திலிருந்தவள் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். “இவள டீச்சராக்கிட்டாங்க, போ. இனி எங்களுக்கெல்லாம் இவதான் சம்பளம் குடுப்பா,” என்று இன்னொருத்தி சொன்னாள். சிரிப்பு சுவரோரமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அது அடங்கிய பிறகு, கோடியில் உட்கார்ந்திருந்த டீச்சர் எழுந்து கும்பிட்டார்.

விஷயம் இதுதான். டீச்சருடைய கை நன்றாக இருந்த காலத்தில் அவர் பின்னி அந்தப் பெண்கள் பார்த்ததே இல்லை. அவர்கள் பார்த்த முதல் குரோஷா வளைந்த ஊசியும் சிவப்புப் பட்டையும் கால் விரலுமாகத்தான் இருந்தது. டீச்சர் முதல் நாளே அரசு ஊசிகளைக் கொடுத்து, உங்கள் கைக்கு நேர் ஊசிதான், பட்டை வேண்டாம், கால் வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். அவர்கள் நம்பவில்லை. சர்க்கார் ஓசியில் கொடுக்கிற விதை முளைக்காது, சர்க்கார் மண்வெட்டி கல்லில் பட்டால் மடங்கும் என்பது அவர்கள் அனுபவம். அதனால் ஓசி ஊசியை நமக்குத் தள்ளிவிட்டு, நல்ல ஊசியையும் நல்ல வித்தையையும் டீச்சர் தனக்கே வைத்துக்கொள்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒவ்வொருத்தியாகக் கொல்லரிடம் போய், டீச்சரம்மா ஊசி மாதிரியே வேண்டும், கழுத்து கொஞ்சங்கூட நேராக இருக்கக்கூடாது என்று சொல்லிச் செய்துகொண்டார்கள். மலையில் கிழிந்து போன குடைகளுக்கெல்லாம் அந்த ஆண்டு ஒரு மதிப்பு வந்தது. நாடா கிடைக்காததால் சேலையைக் கிழித்துப் பட்டை தைத்தார்கள். அந்தச் சிவப்பும் வித்தையில் ஒரு பகுதி என்று எண்ணி, சிவப்புச் சேலை இல்லாதவள் இருப்பவளிடம் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் கைப்பையிலிருந்து தன் சொந்த நேர் ஊசியை எடுத்து மிளகுக்காரம்மாவிடம் நீட்டினார். அவள் அதை வாங்கி, கழுத்தைத் தேடித் தடவிப் பார்த்து, இரண்டு வளையம் போட்டு, நழுவவிட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டாள். “இது இன்னம் செஞ்சு முடிக்கலீங்க,” என்றாள். காலால் நூலைப் பிடிப்பது என்ன பழக்கம் என்று அம்மாள் கேட்டதற்கு, கை இரண்டுக்கும் வேலை இருக்கிறது, கால் சும்மாத்தானே இருக்கிறது என்று பல குரல்களில் ஒன்றாகப் பதில் வந்தது. அதற்குள் அது அவர்களுக்குப் பாடமாகிவிட்டிருந்தது.

அம்மாள் அசைந்து கொடுக்கவில்லை. அவர் பார்க்க வந்தது டீச்சரின் கையை. எல்லோரும் ஊசியைக் கீழே வைக்கட்டும், டீச்சர் மட்டும் முன்னால் வந்து அன்னாசி மாதிரியைப் பின்னிக் காட்டட்டும் என்றார். குரோஷாவில் அது கொஞ்சம் வம்பான மாதிரி. விரிந்து, பிறகு வரிசைக்கு வரிசை குறுகி, கூம்பாக முடிய வேண்டும். எங்கேயாவது ஒரு கண்ணி, ஒரே ஒரு வளையம், தவறினால் முழுவதும் கோணிப் போகும். அண்ணன் பெட்டியைவிட்டு எழுந்து வாசலில் வந்து நின்றார்.

டீச்சர் கால் நீட்டி உட்கார்ந்து, பட்டைக்குள் கையை நுழைத்தார். முழங்கை போய் வரத் தொடங்கியது. அவர் வேகமாகப் பின்னவில்லை. ஆனால் நிற்கவும் இல்லை. அடிப்பகுதி விரிந்தது. குறுகும் வரிசை தொடங்கும் இடத்தில் பட்டையின் முடிச்சு தளர்ந்து, பிடி உள்ளங்கையில் ஆடியது. ஊசி சரிந்தால் திறந்திருக்கும் கண்ணியில் தொடங்கிப் பின்னல் உருவிக்கொள்ளும். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் தன்னையறியாமல் கை நீட்டினார்.

“வேண்டாமுங்கம்மா. இன்னொருத்தர் கை பட்டா அது என் வேலை ஆகாதுங்க.”

அந்த விதியை அவருக்குச் சொன்னவன் நான்தான். அதை எங்கே சொல்ல வேண்டும் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. குனிந்து, நாடாவின் முனையைப் பல்லால் கவ்வி இழுத்து இறுக்கினார். ஒரு கண்ணியும் உருவவில்லை. முழங்கை மறுபடி போகத் தொடங்கியது. கூம்பு குறுகிக் குறுகி ஒரு கண்ணியில் முடிந்தது. முடிந்தது என்று நான் மூச்சுவிட்டபோது அவர் நிறுத்தவில்லை. கூம்பின் உச்சியிலிருந்து நாலைந்து நீள இலைகளைப் பின்னி விரித்துவிட்டுத்தான் நூலை அறுத்தார்.

“இது எந்தப் புத்தகத்துல இருக்கு?” என்றார் அம்மாள், இலைகளைத் தொட்டு.

“புத்தகத்துல இல்லீங்க. கொண்டை இல்லாம அன்னாசி எப்படீன்னு இவங்க ஒத்துக்கலீங்க.”

அன்னாசி பயிரிடுகிற அந்தப் பெண்கள் ஆமோதித்துத் தலையாட்டினார்கள். அம்மாள் பின்னலைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு யாரும் எதிர்பார்க்காததைச் செய்தார். தரையில் உட்கார்ந்து, டீச்சரின் பட்டையை வாங்கித் தன் கையில் மாட்டிக்கொண்டார். அவருடைய கட்டைவிரல் மூட்டு வீங்கித் தடித்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். முதல் இழுப்பில் நூல் நழுவியது.

“அறுக்கறாப்ல இழுங்கம்மா,” என்றார் டீச்சர். “மணிக்கட்டச் சும்மா உடுங்க. அது ஓய்வெடுக்கட்டும்.”

அம்மாள் ஒரு வரிசை பின்னினார். இன்னொரு வரிசை பின்னினார். அறிக்கை எழுத வந்தவர் என்பதை அவர் மறந்துவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்த நேரத்தில், தலையைத் தூக்காமலே, இந்த ஊசி எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

அறிக்கையை அங்கேயே எழுதினார். ஆசிரியை தன் பணியைச் செய்கிறார், மற்றவர்களுக்கும் செய்யக் கற்றுத் தந்திருக்கிறார், பணியில் தொடரலாம். அவ்வளவுதான். கை என்ற சொல்லே அதில் இல்லை. எத்தனையோ அறிக்கைகளைக் கையாண்டவன் நான்; தேவையில்லாத சொல் ஒன்றுகூட இல்லாத அறிக்கை அது ஒன்றுதான்.

அண்ணன் என்ன நடந்தது என்று என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் தங்கை பின்னிய அன்னாசியைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “நம்ம ஊட்டுல இருந்தப்ப இதெல்லாம் நீ பண்ணுனதே இல்லியே கண்ணு,” என்றார். டீச்சர் வாசலைக் காட்டினார். “பெட்டிய உள்ள வெக்கச் சொல்லுங்கண்ணா,” என்றார். சுமையாட்கள் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். வந்த ஆட்கள் வெறுந்தலையோடு போகக் கூடாது என்று மிளகுக்காரம்மா ஆளுக்கொரு பலாப்பழத்தைத் தூக்கித் தலையில் வைத்தாள். அந்த ஊர்வலம் சரிவில் இறங்கி மறையும்வரை டீச்சர் வாசலில் நின்றார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, அறைக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். கதவு ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. பூட்டித் திறந்தார்.

கொல்லர் மறுநாளே அலுவலகத்துக்கு வந்தார். தெரிந்துதான் கழுத்தை வளைத்தேன் என்று அறிவித்தார். நான் மறுக்கவில்லை. அடுத்த ஆண்டு சங்கத்துக்கு ஊசிகள் வேண்டுமென்று கேட்டு எழுதும்போது அந்தப் பொருளுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டியிருந்தது. ‘குரோஷா ஊசி, மலை மாதிரி’ என்று எழுதினேன். அப்படி ஒரு பொருள் பட்டியலில் இல்லை என்று கீழிருந்து பதில் வந்தது. சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். காரணம் கேட்டார்கள். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாளும் அதைத்தான் பயன்படுத்துகிறார் என்று எழுதினேன். சேர்த்துக்கொண்டார்கள். கைத்தொழில் டீச்சர் தம் ஓய்வு நாள்வரை அந்த மலையிலேயே வேலை பார்த்தார். பிறகும் கீழே இறங்கவில்லை. சொந்தமாக ஒரு வீடு கட்டிக்கொண்டார். கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். வாசல் கதவுக்குப் பூட்டு மிகப் பெரியதாக இருந்தது.

சென்ற மாதம் என் விரல்களுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண் பளபளப்பான தாளில் அச்சிட்ட ஒரு விலைப்பட்டியலைக் கொண்டுவந்து காட்டினாள். அதில் பொத்தான் போட ஒரு கருவி இருந்தது. பருத்த பிடி, வளைந்த கழுத்து, கம்பிக் கொக்கி. வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்தது என்றாள். நான் மேசை இழுப்பறையைத் திறந்து என்னுடையதைக் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எந்தக் கம்பெனி என்று கேட்டாள். திண்ணனூர் நாட்டில் ஒரு கம்பெனி, அரிவாளும் செய்வார்கள் என்றேன். மற்ற நோயாளிகளுக்குக் காட்ட ஒரு வாரம் கொடுக்க முடியுமா என்றாள். எழுத்து மூலம் கேட்டால் பரிசீலிப்பதாகச் சொன்னேன். அவள் சிரித்தாள். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

இதைவிடப் பெரிய அங்கீகாரம் நேற்றுக் காலை கிடைத்தது. எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர் இருக்கிறார். பத்து விரல்களும் ஒழுங்காக மடங்குகிறவர். நான் வராந்தாவில் நின்று பொத்தான் போட்டுக்கொள்வதைச் சில நாட்களாகவே வேலிக்கு அப்பாலிருந்து பார்த்துவந்திருக்கிறார். நேற்று நேராக வந்து, இதெல்லாம் எங்கே கொடுக்கிறார்கள், பென்ஷன்காரர்களுக்கென்று வந்ததா, எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். உங்களுக்கு இது தேவையில்லை, உங்கள் கை நன்றாக இருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை. நல்லதை எனக்கே வைத்துக்கொள்கிறேன் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. அந்த முகத்தில் மிளகுக்காரம்மாவைப் பார்த்தேன். கழுத்துப் பொத்தான் ஒன்று பாக்கி இருந்தது. எல்லாவற்றிலும் கடினமானது அதுதான். அவர் பார்த்துக்கொண்டிருக்க, கொக்கியைத் துளைக்குள் விட்டு, மணிக்கட்டைச் சும்மா விட்டு, அறுக்கிறாற்போல இழுத்தேன். வந்து உட்கார்ந்தது.